சீசன் கடைசியில் சறுக்கிய அன்ரி

எங்கள் புறநகரான டண்டினொங்கிலிருந்து பனிமலைக்குப் போன பஸ்ஸில் அந்த அன்ரி என் பக்கத்தில் இருந்தார். நெற்றியில் திருநீறு, உடம்பில் இரவல் வாங்கிய ஸ்கீ உடுப்பு.

செப்டெம்பர் கடைசி; தென்கோளத்துக் குளிர்காலம் முடிகிற நேரம். மலையில் மழை. பனி கஞ்சியாய்க் கரைந்து, இடையிடையே புல் தெரிந்தது. பஸ்ஸில் வந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் இறங்காமலே ரோல்ஸ் பெட்டிகளைத் திறந்துவிட்டோம். அன்ரி மட்டும் சாப்பிடாமல், ஆவி படிந்த கண்ணாடியைக் கையுறையால் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்தார்.

“சீசன் முடியப்போகுது அன்ரி. இனி எங்க சறுக்கிறது? சாப்பிடுங்கோ,” என்றேன்.

“முடியப்போகுதுதானே பிள்ளை? இன்னும் முடியேல்லையே!”

கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. மழைத்துளிகள் வெள்ளையாகி மிதந்தன. அன்ரி இறங்கிப் போய், ஸ்கீ பலகைகளை வாடகைக்கு எடுத்து, பழகுபவர்களுக்கான சரிவில் ஏறினார். முதலில் குப்புற விழுந்தார். எழும்பி மறுபடி ஏறினார். இம்முறை கைகளை விரித்துப் புதுப்பனியில் சறுக்கி, அடிவாரம் வரை விழாமல் வந்து நின்றார். பஸ்ஸே கைதட்டியது.

“இப்ப தாங்கோ ரோல்ஸை,” என்றார், பஸ் வாசலில் மூச்சு வாங்க.

பெட்டி வெறுமையாய் இருந்தது.

“அப்ப இன்னொருக்காச் சறுக்கிப்போட்டு வாறன்,” என்று திரும்பி நடந்தார்.

டிரைவர் ஹோர்ன் அடித்தார். பொறுக்கச் சொல்லி, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கத்தினோம்.