தரையில் பொடி தூவியிருந்தார்கள்

விருதுநகர் பஸ் நிலையத்துக்கு இன்னும் பாதி வழி இருந்தது. ஸ்கேட்டிங் பூட்ஸ் இரண்டையும் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அம்மா பின்னால் வந்தாள். அரங்கிலிருந்து பாட்டுச் சத்தம் அதுவரைக்கும் கேட்டது. எனக்கு அடுத்தவன் ஆடிக்கொண்டிருந்தான். நான் உடையை மாற்றாமலே கிளம்பியிருந்தேன். நீலச் சாட்டின் சட்டை, அம்மா உட்கார்ந்து ஜிகினா தைத்தது. எதிரே சைக்கிளில் வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கூத்து எங்கே நடக்கிறது என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன்.

அன்று நடந்தது மாநில அணிக்கான தேர்வு. தேர்வாகியிருந்தால் சென்னையில் தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் கிடைக்கும் என்று ஸ்கேட்டிங் சங்கத்துக்காரர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அணி, பதக்கம் எதுவும் பெரிதில்லை. பையன் மறுபடி பட்டாசுக் கம்பெனிக்குள் கால் வைக்க வேண்டாம், அவ்வளவுதான் அவளுக்கு.

அப்பா விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் மருந்து அறையில் வேலை பார்த்தார். வெடிக்குள் மருந்து அடைக்கும் அறை அது. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் அந்த அறை வெடித்துப் போனது. மருந்துத் தட்டைத் தூக்காமல் தரையில் இழுத்துவிட்டார், உரசிப் பற்றிக்கொண்டது என்று சொன்னார்கள். இழுத்தாரா என்று சொல்ல அந்த அறையில் யாரும் மிஞ்சவில்லை. நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திக்கொண்டேன். பதினெட்டு முடிந்ததும் அம்மா தடுத்தும் கேளாமல் வேறொரு கம்பெனியில் அதே வேலைக்குப் போனேன். வேறு வேலை யாரும் கொடுக்கவில்லை.

அங்கே முதலில் கற்றுக்கொள்வது நடக்கத்தான். செருப்பு கிடையாது. காலைத் தேய்த்து நடக்கக்கூடாது. தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். தரையில் பொடி தெரிந்தால் நின்றுவிட வேண்டும். தண்ணீர் ஊற்றித் துடைத்த பிறகுதான் அடுத்த அடி. இரண்டு சீசன் அப்படி நடந்த பிறகு கடைத்தெருவில்கூட அந்த நடைதான் வந்தது. தூரத்தில் போகிறவர் நடையைப் பார்த்தே மருந்து அறை ஆள் என்று எங்கள் பக்கத்தில் சொல்லிவிடுவார்கள்.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டேன். திருமங்கலத்தில் பரோட்டாக் கடை, சாத்தூரில் லாரி செட், கடைசியில் விருதுநகரில் ஒரு டீக்கடை. அந்தக் கடை டிவியில்தான் பனிக்கட்டித் தரையில் ஒரு ஆண் தனியாக ஆடுவதைப் பார்த்தேன். அவன் எங்கேயும் காலைத் தூக்கி வைக்கவில்லை. வழுக்கிக்கொண்டே போனான், வழுக்கிக்கொண்டே திரும்பினான், எழும்பிச் சுற்றி இறங்கி மறுபடியும் வழுக்கினான். முதலாளி கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டார். மிச்சத்தைப் பார்க்கவில்லையே என்று பல நாள் மனசு அடித்துக்கொண்டது.

ஊரில் பனி ஏது? வசதியான வீட்டுப் பிள்ளைகள் சக்கர பூட்ஸ் போட்டு ஓடப் பழகும் அரங்கு ஒன்று இருந்தது. கூட்டித் துடைக்க ஆள் கேட்டார்கள், சேர்ந்தேன். யாரோ விட்டுப்போன பழைய பூட்ஸ் எனக்குச் சரியாக இருந்தது. ஓட்டப் பந்தயத்தில் எனக்கு ஆசை இல்லை. துடைத்து முடித்த தரையில் தனியாக ஆடிப் பழகினேன். பையன்கள் கைதட்டி, "என்னலே, ரிக்கார்டு டான்ஸா? பாவாடையைக் காணோம்" என்று கேட்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கே அலுத்துப்போனது.

முதல் மூன்று மாவட்டப் போட்டியிலும் எனக்குத்தான் முதல் பரிசு. ஆண்கள் நடனப் பிரிவில் வேறு ஆளே இல்லை. மேடையில் மூன்று படி போட்டு நடுப்படியில் என்னை மட்டும் ஏற்றினார்கள். அதற்கு அடுத்த மதுரைப் போட்டியில் மூன்று பேர் ஆடினோம், எனக்கு இரண்டாவது இடம். அந்தப் பதக்கத்தை அம்மா சாமி படத்தில் மாட்டினாள்.

எனக்கு வராமல் இழுத்தடித்தது ஒரு தாவல். பின்பக்கமாகப் போய்க்கொண்டே பூட்ஸ் முனையில் இருக்கும் ரப்பர் கட்டையைத் தரையில் ஓங்கிக் குத்த வேண்டும். அந்த உந்தலில் எழும்பிச் சுற்ற வேண்டும். குத்தப் போகும் நொடியில் கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். மற்றவர்களுக்கு வாரக்கணக்கில் வருவது எனக்கு ஒரு வருஷம் எடுத்தது. ஆனாலும் வந்தது. வந்த பிறகு அதைப்போல் சுகம் எதிலும் இல்லை.

தீபாவளிக்கு முந்தின மாதம் கம்பெனியில் யாருக்கும் லீவு கிடையாது. சரவெடி பின்னுகிற அம்மா, என் தேர்வைப் பார்க்க அந்தச் சீசனில் ஒருநாள் லீவு கேட்டாள். மகனுக்குப் பொண்ணு பார்க்கவா என்று போர்மேன் கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அரங்கின் மேல் வரிசையில் ஜிகினா மிச்சம் ஒட்டிய விரல்களோடு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு முன்னால் ஆடிய பெண் பிள்ளைகள் இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். அதனால் சக்கரத்துக்குப் பிடிப்பு வரட்டும் என்று தரையெங்கும் சாம்பல் நிறத்தில் ஏதோ பொடி தூவினார்கள். அடுத்துதான் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

முதல் பாதி நன்றாகவே போனது. தாவலுக்காகப் பின்பக்கமாகத் திரும்பினேன். வேகம் சரியாக இருந்தது. பொடிமேல் காலை ஓங்கினேன். மேலேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏலே, உரசாத லே!"

கால் தூக்கிக்கொண்டது. விழவில்லை. விழுந்திருந்தால்கூட மதிப்பெண்ணில் ஏதாவது மிஞ்சியிருக்கும். ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அரங்கில் சிரிப்பு. அம்மா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். இனி ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகும் தொடர்ந்து ஆடப் பார்த்தேன். கால் தூக்கித் தூக்கித்தான் வந்தது. ஓரத்துக்கு நடந்து வந்தேன். உடம்பு சரியில்லையா என்று நடுவர்களில் ஒரு அம்மா அன்பாகத்தான் கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொரு வாய்ப்புத் தர விதியில் இடமில்லை என்றார்.

பஸ் நிலையத்தில் சிவகாசி வண்டி காலியாக நின்றது. ஏறி உட்கார்ந்தோம். வண்டி கிளம்பிய பிறகுதான் அம்மா பேசினாள்.

"நாந்தானே கெடுத்துட்டேன்."

"இல்லம்மா. நீ சத்தம் போடுறதுக்கு முன்னயே கால் நின்னுருச்சு."

"பொய் சொல்லாத லே."

"நெசமாத்தான்."

ஜன்னல் பக்கம் திரும்பினாள். "பொடியப் பாத்தேன். நீ கால ஓங்குன. அது எந்த எடம்னே எனக்கு மறந்துபோச்சு" என்றாள். பிறகு, "ஒங்கப்பா போன அன்னைக்கு நான் பக்கத்து ரூம்லதான்யா இருந்தேன்" என்றாள்.

அதுவரை அவள் அதை என்னிடம் சொன்னதில்லை. கால் முதலில் நின்றதா, குரல் முதலில் வந்ததா என்று இன்றுவரை எனக்கும் தெரியாது. அவள் எப்போது கேட்டாலும் அவளிடம் மட்டும் கால்தான் முதலில் நின்றது என்றே சொல்லி வந்தேன். சங்கத்துக்காரர் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். அந்த அடுத்த வருஷம் வருவதற்குள் நான் வேறு ஊருக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நின்றது. அம்மா தூக்குச்சட்டியோடு ஏறினாள். மருந்து அறைக்கு ஆள் குறைகிறது, வருகிறாயா என்று டிரைவர் என்னைக் கேட்டார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. வேன் போனதும் திருத்தங்கலுக்கு பஸ் ஏறினேன். காலண்டர் ஆர்டர் குவியும் நேரம் அது, எந்த அச்சகத்திலும் ஆள் எடுப்பார்கள். இரண்டாவதாக நுழைந்த இடத்தில், மாதத்தாள்களின் மேல்விளிம்பில் தகரம் பிடிக்கிற மிஷினைக் காட்டினார்கள். ஒருவர் தாளை வைக்க, இன்னொருவர் கீழே இருக்கும் கட்டையைக் காலால் மிதிக்க வேண்டும். பொங்கல் வரைக்கும் இருப்பாயா என்று சூப்பர்வைசர் கேட்டார். இருப்பேன் என்றேன். தாளை வைத்துவிட்டு, "ஓங்கி மிதி" என்றார். மிதித்தேன். தகரம் தாளைக் கடித்துக்கொண்டது. அடுத்த தாளை வைத்தார்.