பச்சையாய் இருந்தால் நல்ல எண்ணெய்

மருந்துக்கடையில் மருந்து விற்பது சின்ன வேலை. கேட்டதைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, கேட்டவர் முகத்தைத் தாங்கிக்கொள்வதுதான் பெரிய சோலி. கடைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் என் தொழில்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிறேன். எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கடையில் நாற்காலி இருக்கிறது, அதில் அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. போதாக்குறைக்கு, கொஞ்ச நாளாக எல்லாரும் கஞ்சா எண்ணெய் கேட்டு வர ஆரம்பித்திருக்கிறார்கள்.

முழங்காலுக்கு ஒரு பாட்டில்

பக்கத்துச் சிலமலை கிராமத்துப் பெரியவர் ஒருவர், பல வருஷத்து முழங்கால் வலிக்காரர், செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். கஞ்சா எண்ணெய் தடவினால் வலி பறந்துவிடும் என்று அதில் யாரோ சிரித்துக்கொண்டே சொன்னார். நான் மூச்சு விடாமல் விளக்கினேன். அந்தச் செடியின் விதையை ஆட்டி எடுப்பது ஓர் எண்ணெய். சாப்பாட்டுக்கு ஆகும், மருந்து என்று அதில் பெரிதாக ஒன்றுமில்லை. செடியிலிருந்து பிரிக்கிற சி.பி.டி. வேறு; அது போதை ஏற்றாது, ஆனால் மூட்டுவலியைப் போக்கும் என்று அடித்துச் சொல்ல இன்னும் ஆளில்லை. டி.எச்.சி. மூன்றாவது, போதை தருவது அதுதான். அதை நான் விற்றால் கடையைப் பூட்டி என்னையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஒண்ணுல மருந்தில்ல, ஒண்ணு கேக்குமான்னு தெரியல, ஒண்ணு கிடைக்காது. அப்புறம் என்னத்துக்கு ஆத்தா இம்புட்டு நேரம் பேசுன? நீலகிரித் தைலத்தையே கொண்டா.”

செல்வத்துக்கு நடத்திய பாடம்

கடையில் என்னோடு வேலை பார்க்கும் செல்வத்துக்குச் சந்தேகம் தீரவில்லை. ஒரே செடியில் இருப்பது எப்படி இரண்டு விதமாக வேலை செய்யும் என்றான். “ஏலக்காய் ஒண்ணுதானே? தோலும் விதையும் ஒரே மாதிரியா மணக்குது?” என்றேன். டி.எச்.சி. நெஞ்சைப் படபடக்க வைக்கும், நேரம் போவதே தெரியாமல் குழப்பும், சிலருக்கு இல்லாத பயத்தைக் கிளப்பும். சி.பி.டி. அப்படி ஆட்டம் போடாது. அதற்காக அது பரம சாதுவும் அல்ல. தூக்கம் வரும், கல்லீரலைப் பதம் பார்க்கும், ஏற்கனவே சாப்பிடுகிற மாத்திரைகளின் அளவை உடம்புக்குள் கூட்டிவிடும்.

செல்வம் மாத்திரை அட்டையை அடுக்கிக்கொண்டே சொன்னான்: “அப்ப ஒருத்தன் தெருவுல நின்னு கத்துற மாப்பிள்ளை, இன்னொருத்தன் சத்தமில்லாம குடும்பத்துல குழப்பம் பண்ற மாப்பிள்ளை. அப்படித்தானக்கா?”

ராசாத்தி மாத்திரை வாங்கவில்லை

ராசாத்தி ஏலக்காய்க் கடையில் நிறம் பார்த்துக் காய் பொறுக்குகிறவள். அவள் மகள் தீபாவுக்கு வலிப்பு. மாதம் பிறந்தால் மாத்திரைக்கு வந்துவிடுவாள். இந்த மாதம் வந்து காய்ச்சல் மருந்து மட்டும் கேட்டாள். வலிப்பு மாத்திரை எங்கே என்றேன். மிச்சம் இருக்கிறது என்றாள். எப்படி இருக்கும்? கணக்கு இடித்தது. கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் சொன்னாள். அவள் அண்ணன் பாண்டி போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். மலைமேலே ஒரு ஆளிடம் வலிப்புக்குக் கஞ்சா எண்ணெய் வாங்கியிருக்கிறான். அந்த ஆள் போட்டோ அனுப்பிக் காட்டியது இரண்டு பாட்டில். ஒன்று பழுப்பு, ஒன்று நல்ல பச்சை. தேர்ந்தெடுத்தது ராசாத்தி. எண்ணெய் உடம்பில் பிடிக்கட்டும் என்று முந்தாநாளே மாத்திரையை நிறுத்திவிட்டாள். கடைக்கு வந்த அன்று சாயங்காலம்தான் முதல் சொட்டு கொடுப்பதாக இருந்தாள். ஏன் பச்சை என்று கத்தினேன். தொழில் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்: “பச்சை நிக்கிற காய்தானக்கா முதல் தரம்?”

பாண்டியின் பரிசோதனை

தேனியில் தீபாவைப் பார்க்கும் டாக்டருக்கு உடனே போன் போட்டேன். எண்ணெயைத் தொடவே கூடாது, வழக்கமான மாத்திரையை உடனே கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டி வரச் சொல்லுங்கள் என்றார். ராசாத்தி நான் கொடுத்த மாத்திரை அட்டையோடு வீட்டுக்கு ஓடினாள். அவள் சொல்லக் கேட்ட பாண்டி பாட்டிலோடு கடைக்கே வந்துவிட்டான், சண்டைக்கு.

வலிப்புக்கு இது மருந்து என்று டாக்டர்களே பேசுகிறார்களே என்றான். அது பொய்யில்லை. சில வகை வலிப்புக்குச் சுத்தம் செய்த சி.பி.டி.யை, அளவு பார்த்து, மற்ற மாத்திரைகளோடு சேர்த்து, டாக்டர்தான் கொடுப்பார். உன் பாட்டிலில் எது எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பச்சை என்பது இலையின் நிறம், மருந்தின் நிறம் இல்லை என்றேன். பாண்டி மார்தட்டினான். பிள்ளைக்குக் கொடுக்கும் முன் மெட்டிலேயே தன் நாக்கில் விட்டுப் பார்த்தானாம், ஒன்றும் செய்யவில்லையாம். வயிற்றுக்குள் போனது மெதுவாகத்தான் ஏறும் என்று இவனுக்கு யார் சொல்வது? அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். பெருமையாகவே சொன்னான்: “கீழ வந்து ஸ்டாண்டுல வண்டியப் போட்டப்புறந்தேன் வேலையக் காட்டுச்சு. நெஞ்சு திக்குதிக்குன்னு அடிக்குது, வண்டி பள்ளத்துல உருளுற மாதிரியே இருக்கு. நின்ன ஜீப்புல பிரேக்க மிதிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்க்கா. அம்புட்டு வீரியமான சரக்கு!”

“அந்தச் சரக்கைத்தான் பிள்ளை வாயில விடப் போனியா?” என்றேன். பாண்டி பாட்டிலைக் கவுண்டரில் வைத்தான், மறுபடி எடுத்தான், எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். செல்வம் மெல்ல அவனை வாசல் பக்கம் நகர்த்தினான்: “டாக்டர்ட்டயே கொண்டுபோய்க் காட்டுண்ணே, வெரசா. இது இங்க இருந்தா நாங்க வேற ஜீப்புல ஏறணும்.”

வெள்ளை மாத்திரை

மறுநாள் யாருக்கு என்ன கொடுத்தேன் என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். ராசாத்தியின் போனை எடுப்பார் இல்லை. வாசலுக்கும் கவுண்டருக்குமாக அலைந்தேன். மதியத்துக்கு மேல் ராசாத்தி வந்தாள், கையில் தீபா. தேனிக்குப் போகும் வழியில் பஸ்சிலேயே பிள்ளைக்கு ஒரு தடவை வலிப்பு வெட்டியிருக்கிறது. டாக்டர் ராத்தங்க வைத்துப் பார்த்து அனுப்பியிருக்கிறார். பிள்ளையின் கீழுதடு பல் பட்டு வீங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கச் செல்வத்தைத் திட்டினேன். தண்ணீர் கொடுத்தேன், என் கண் முன்னாலேயே தீபா மாத்திரையை விழுங்கினாள்.

ராசாத்தி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எங்க கடையில காய் வெளுத்துப்போனா கழிச்சு ஓரமாத் தள்ளிருவோம்க்கா. பிள்ளைக்கு மட்டும் வெளுத்ததுதேன் முதல் தரமா?”

கண்ணால் பார்த்துக் காய் பொறுக்கும் ஊரில், கண்ணுக்குத் தெரியாததை விளக்கிச் சொல்லியே எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. அதற்கு மாத்திரை போட நேர்ந்தால், பச்சை நிறத்தில் மட்டும் வாங்கமாட்டேன்.