அக்கா மட்டம் பார்த்த தரைகள்

இந்த நினைவு மலரின் முகப்பில் அக்காவின் பெயர் அச்சாகியிருக்கிறது. நான் ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கும் அக்கா என்றே எழுதுகிறேன். உறவினரும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். அக்கா தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடப் படிப்பை முடித்த வருடம் அப்பா மாரடைப்பால் போய்விட்டார். அதற்குப் பிறகு குண்டுவீச்சு, இடப்பெயர்வு, திரும்பி வருதல், மறுபடியும் இடப்பெயர்வு. எல்லாருக்கும் தெரிந்த கதைதான். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. அம்மா ஊரை விட்டு வர மாட்டேன் என்று நின்றுவிட்டார். அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு, வவுனியாவில் இராணுவ அனுமதிக்காக மூன்று கிழமை காத்திருந்து, கொழும்புக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது, எனக்குப் பத்தொன்பது.

முதலில் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறை. பிறகு வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறை. அக்காவுக்கு வேலை கொடுத்தவர் மாளிகாவத்தையைச் சேர்ந்த ஒரு கட்டட ஒப்பந்தகாரர். எல்லாரும் அவரை ஹாஜியார் என்றே அழைப்பார்கள். வடக்கிலிருந்து வந்த தமிழர் கொழும்பில் தங்கப் பொலிஸில் பதிய வேண்டும். அந்தப் பதிவுக்கு, ‘இவர்கள் இருவரும் எனக்குத் தெரிந்தவர்கள்’ என்று வருடாவருடம் கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தவரும் அவரே. அந்தக் கடிதம் இல்லாமல் நாங்கள் அந்த அறையில் ஒரு மாதம்கூட இருந்திருக்க முடியாது.

ஹாஜியார் அந்தக் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து லேசர் மட்டக்கருவி ஒன்றை வரவழைத்திருந்தார். கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தை வாசிக்க ஆளில்லாமல் அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அக்கா இரண்டு நாளில் வாசித்து முடித்துவிட்டார். மூன்று கால் தாங்கியின் மேல் அந்தக் கருவி சுழன்றபடி நாலு பக்கமும் ஒரே உயரத்தில் சிவப்பு ஒளியை வீசும். அளவுகோலில் பொருத்திய சின்னப் பெட்டி அந்த ஒளியைப் பிடித்துச் சத்தம் போடும். கொங்கிரீட் உயர்ந்திருந்தால் வேகமாக, பள்ளமென்றால் விட்டுவிட்டு, சரியாக இருந்தால் விடாமல் ஒரே சத்தமாக. நூலும் தண்ணீர்க் குழாயும் வைத்து மட்டம் பார்த்துப் பழகிய மேசன்மாருக்கு முதலில் இதில் நம்பிக்கை வரவில்லை. அவர்களின் தலைவர் சோமபால பாஸ் ஒரு நாள் முழுக்கத் தன் நூலையும் அக்காவின் கருவியையும் ஒத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் நூல் கொண்டுவராமல் வந்தார். அன்றிலிருந்து, ‘மிஸ்’ என்று தான் அழைத்த அக்கா வராமல் அவர் கொங்கிரீட் போட்டதில்லை, ஒரே ஒரு முறையைத் தவிர.

அந்த ஒரு முறையைப் பற்றி எழுதவே நான் உட்கார்ந்தேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியம். கூரைவரை இரும்புத் தட்டுகள் நிறுத்தி, பாரந்தூக்கி வண்டியால் மூட்டைகளை மேலே ஏற்றும் இடம். தரையில் விரற்கடைப் பள்ளம் இருந்தாலும் உச்சியில் அது பெரிய சாய்வாகிவிடும், கீழே ஆட்கள் நடமாடுவார்கள் என்று அக்கா எனக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார். கொங்கிரீட் போடும் நாள் விடிய, கருவிப் பெட்டியுடன் முச்சக்கர வண்டியில் போன அக்காவைச் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். பெட்டியைத் திறந்த சிப்பாய் ஏதோ ஒரு பொத்தானை அமத்த, சிவப்புப் புள்ளி ஒன்று மணல் மூட்டைகளின் மேல் ஓடி, எதிரே நின்ற அதிகாரியின் சட்டையில் ஏறியது.

“மே மொக்கத?” இது என்ன என்று அதிகாரி கேட்டார்.

தரையை மட்டம் பார்ப்பதற்கு என்று அக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். தரை பார்க்க வெளிச்சம் ஏன் என்றார் அவர். அடையாள அட்டையில் கரவெட்டி முகவரியைப் பார்த்த பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. பொலிஸ் நிலையத்தில் மூன்று நாள். எங்களுக்குப் பின்னறை தந்த வீட்டுக்கார அன்ரிதான் சாப்பாடு கொண்டுபோனார். நான் போகவில்லை. போனால் என்னையும் வைத்துக்கொள்வார்கள் என்று அவர் தடுத்தார். தடுத்தது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் ஹாஜியார், கருவி வாங்கிய பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு, சோமபால பாஸையும் கூட்டிக்கொண்டு போனார். பாஸ் பொலிஸ் முற்றத்தில் கருவியை நிறுத்தி, அளவுகோலைப் பிடித்து, முற்றம் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பொறுப்பதிகாரிக்குக் காட்டினாராம். அவர் சிரித்துவிட்டார். அக்காவை விட்டுவிட்டார்கள்.

ஆனால் கொங்கிரீட் அக்காவுக்காகக் காத்திருக்கவில்லை. லொறிகள் வந்து நின்றதால் அக்கா பிடிபட்ட அன்றே நூல் பிடித்துப் போட்டு முடித்திருந்தார்கள். அக்கா வெளியே வந்த மறுநாளே போய் அளந்தார். கிழக்கு மூலையில் ஒரு நீளப் பட்டை தாழ்ந்து கிடந்தது. மேலே மெல்லிசாகப் பூசினால் வண்டிச் சில்லுக்கு அது நிற்காது, உடைத்துத்தான் போட வேண்டும். களஞ்சிய உரிமையாளரின் பொறியியலாளருக்கு அக்காவின் அளவுத் தாள் போக வேண்டியிருந்தது.

“மகள், சரியா ஈக்கிதெண்டு எழுதிக் குடுங்க,” என்றார் ஹாஜியார். “நாந்தானே உங்கள வெளிய எடுத்த.”

அக்கா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, தாளை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று நாள் நித்திரை இல்லாத முகம்.

“எழுதிக் குடுங்கோ அக்கா,” என்றேன் நான். “தை மாதம் பதிவுக்கு அவற்ற கடிதம் வேணும். ஆர் போய் அளக்கப் போகினம்?”

“நீ அதுக்குள்ள நடக்க மாட்டாய். நடக்கிறவை இருக்கினம்.”

“பிறகு என்னைப் பிடிச்சா ஆர் வந்து எடுக்கிறது?”

அக்கா என்னைப் பார்த்தார். பேனையை எடுத்துப் பொய்யான அளவுகளை எழுதிக் கையெழுத்து வைத்தார். எழுத வைத்தது நான். அக்கா இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆகவே நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பத்து நாள் போனது. வேலைக்குப் போனார், வந்தார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்பிவிடுவார். இரும்புத் தட்டுகள் லொறியில் வந்து இறங்கிய அன்று காலை, என்னையும் கூட்டிக்கொண்டு ஹாஜியாரின் கந்தோருக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஹாஜியார், நான் தந்த தாள் பொய். நீங்கள் சொல்லுறீங்களோ, நான் போய்ச் சொல்லட்டோ?”

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “உங்களுக்கு நான் என்ன கொற வெச்ச மகள்?”

“ஒண்டும் வைக்கேல்ல. அதுதான் முதல் உங்களிட்ட வந்தனான்.”

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு பொறியியலாளரிடம் தானே போய்ச் சொன்னார். அந்தப் பட்டையை வெட்டி உடைத்தார்கள். இரண்டு கிழமை அந்தத் தூசிக்குள் அக்கா நின்றார். திரும்பக் கொங்கிரீட் போட்ட அன்று கருவியும் அவரும் முதல் லொறிக்கு முன்னமே அங்கே நின்றார்கள். அந்த உரிமையாளர் பிறகு ஹாஜியாருக்கு வேலை கொடுக்கவில்லை. ஹாஜியாரும் ஒரு வருடத்துக்கு அக்காவுடன் வேலை விடயத்தைத் தவிர வேறெதுவும் கதைக்கவில்லை. தை மாதம் எங்கள் பதிவுக் கடிதத்தை மட்டும், நாங்கள் கேட்காமலே, கையெழுத்து வைத்துப் பாஸிடம் கொடுத்தனுப்பினார். அன்று அக்கா அழுததைப் பார்த்தேன். பொலிஸிலிருந்து வந்த நாளில்கூட அவர் அழவில்லை.

பிறகும் அதே வேலைதான். சாவடிகள், பெட்டியைத் திறந்து காட்டுதல், விடியக் கொங்கிரீட், பின்னேரம் வீங்கிய கால்கள். நின்று நின்று வீங்குகிறது என்றார், நாங்களும் நம்பினோம். சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டதென்று வைத்தியர் சொன்ன கிழமையும் ஒரு தரை போட்டு முடித்துவிட்டுத்தான் ஆசுபத்திரிக்கு வந்தார். கலியாணம் பேசி வந்த இரண்டு இடங்களையும், தம்பியின் படிப்பு முடியட்டும் என்று தட்டிக்கழித்தவர். என் படிப்பு முடிந்தபோது அவருக்கு அந்த எண்ணமே இல்லாமல் போயிருந்தது. நாற்பது வயது நிரம்ப முன்னமே போய்விட்டார்.

நோயுற்ற காலத்தில் இரத்தம் தந்த கட்டட வேலையாட்கள், தாயைப்போலப் பார்த்த வீட்டுக்கார அன்ரி, ஆசுபத்திரித் தாதிமார், கனத்தை மயானம்வரை நடந்து வந்த அயலவர்கள், நடக்க முடியாத நிலையிலும் வந்து வாசலில் கதிரை போட்டு இறுதிவரை இருந்த ஹாஜியார், பாடையின் முன்காலைத் தோளில் வைத்த சோமபால பாஸ், எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

போரால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருப்பதால் அம்மாவால் வர முடியவில்லை. செத்தவீட்டன்று தொலைபேசியில் அவர் கேட்டது ஒன்றுதான்.

“பிள்ளை கஷ்டப்பட்டதோ?”

“இல்லை அம்மா. நித்திரையிலதான் போனவ,” என்றேன்.

அம்மா, இந்த மலர் கப்பலில் உங்கள் கைக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. வந்ததும் யாரையாவது கொண்டு வாசிப்பித்துக் கேளுங்கள். நான் அன்று சொன்னது பொய். அக்கா கஷ்டப்பட்டார். படுக்க முடியாமல், தலையணையில் சாய்ந்திருந்து மூச்சு எடுத்தார். கடைசி மூன்று நாளும் உங்களைத்தான் கேட்டார்.