மேர் பட்டையும் தாய்வீட்டுத் தாம்பாளமும்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் ஒரு கல் பதித்திருக்கிறது. அதில் மூன்று மேர்களின் பெயர்கள். முதல் பெயர் என் மாமனார், இரண்டாவது அவருடைய மூத்த மகன், மூன்றாவது என் வீட்டுக்காரர். அந்தப் பக்கம் போகிறவர்கள் என்னைப் பார்த்தால் நின்று, உங்கள் குடும்பம் இந்த ஊருக்கு எவ்வளவு செய்திருக்கிறது என்பார்கள். ஆமாம், செய்திருக்கிறது. பள்ளிக்கூடம் கட்டியது, குளத்துக்குப் படி கட்டியது, பாகூருக்குப் போகிற சாலைக்குக் கப்பி கொட்டியது. அதற்கு நாங்கள் கொடுத்ததைக் கல்லில் எழுதமாட்டார்கள்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். பத்துப் பன்னிரண்டு ஊர் சேர்ந்தால் ஒரு கொம்யூன், அதற்குத் தலைவராக ஒரு மேர், அவருக்கு ஒரு நாற்காலி, அந்த நாற்காலிக்கு இரண்டு குடும்பம் வெட்டிக்கொண்டு சாகும். தேர்தல் வந்தால் எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி வெந்துகொண்டே இருக்கும். அடியாட்களுக்குத்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சீமையிலிருந்து வருவார்கள். அடித்துவிட்டு வரப்பைத் தாண்டி ஓடிவிட்டால் இந்தப் பக்கத்துப் போலீஸ் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எங்கள் கொம்யூனில் செத்தவர்கள்கூட வந்து வோட்டுப் போட்டார்கள், பெண்களுக்கு மட்டும் வோட்டு கிடையாது. சோறு வடிக்கவும் தாலி அறுக்கவும்தான் நாங்கள்.

மேருக்கு நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிறத்தில் ஒரு பட்டுப் பட்டை உண்டு. விசேஷ நாட்களில் தோளிலிருந்து குறுக்கே போட்டுக்கொள்வார்கள். வேறு வீடாக இருந்தால் பெட்டியில் மடித்து வைத்திருப்பார்கள். என் மாமியார் அதைச் சாமி அறையில் தாம்பாளத்தில் வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம் குங்குமம் வைத்தார். பட்டு முழுக்கக் கறை. புதுச்சேரியிலிருந்து வந்த துரை ஒருவர் அதைப் பார்த்து ரத்தமா என்று கேட்டாராம். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

மூத்தாரை, என் வீட்டுக்காரரின் அண்ணனை, அடித்துப் போட்டது சாவடி முனையில், பட்டப்பகலில். மேராக இருந்தவர், மறுபடியும் நிற்கக் கிளம்பியவர். கட்டிலில் தூக்கி வந்தபோதே உயிர் இல்லை. அவருக்கு இரண்டும் பெண்கள். கொள்ளி வைக்க என் வீட்டுக்காரர்தான்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு பேர் கூடினால் மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று நழுவிவிடுகிற மனிதர். கரும்புதான் அவருக்கு உலகம். கல்யாணமான புதிதிலேயே என்னிடம், "நாற்காலி அண்ணனுக்கு, கரும்பு எனக்கு, நீ பயப்படாத" என்று சொன்னார். அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது தூணில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வை! இழவு வீட்டுக்கு வந்தவர்கள் பிணத்தைப் பார்த்துவிட்டு அடுத்து அவரைத்தான் பார்த்தார்கள். மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அழுத அழுகைக்கு நடுவிலேயே சொன்னார்: "நாற்காலி இந்த வூட்ட வுட்டுப் போவக்கூடாது."

பெற்ற வயிறு எரிகிறபோது வாயில் வருகிற பேச்சா அது? இவரைக் கொண்டுபோய் நிறுத்தினால் ஒரு தேர்தலுக்குத் தாங்கமாட்டார். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஊரார் பார்க்கட்டும் என்று பட்டையைப் பிணத்தின் மார்மேல் போட்டிருந்தார்கள். பாடை கிளம்புமுன் எடுத்து வைக்கும்படி மாமியார் சொல்லியிருந்தார். வாய்க்கரிசி போடப் பெண்கள் சுற்றி வந்தோம். என் முறை வந்தது. குனிந்தேன். அரிசியைப் போட்டேன். பட்டையைச் சுருட்டிக் கோடித் துணிக்கு அடியில், அவர் விலா ஓரமாகத் திணித்துவிட்டேன். பட்டை இல்லாவிட்டால் மேர் இல்லை என்று நினைத்தேன். சாமி அறையில் வைத்துக் கும்பிட்ட பொருள் ஆயிற்றே, அதைப்போல இன்னொன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் வீட்டுக்காரர் சுடுகாட்டிலிருந்து வந்து தலை முழுகிவிட்டு, ஈரத் துணியோடு கிணற்றடியில் என்னைக் கூப்பிட்டார்.

"துணி வெலகிச்சு. பட்டையப் பாத்தேன். எடுக்கல."

அவ்வளவுதான் சொன்னார். கண்ணில் தண்ணீர் நின்றது. அன்றைக்கு இரண்டு பேரும் ஒரு தட்டில் சாப்பிட்டோம். இழவு வீட்டில் இப்படிச் சொல்லக்கூடாது, ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாமியார் தாம்பாளத்தில் பட்டையைத் தேடினார். வெறுமையாக இருந்தது. ஒவ்வொருத்தியாகக் கேட்டார். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். என் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார். கத்தியிருந்தால் சுதாரித்திருப்பேன்.

பதினாறாம் நாள் கருமாதி. எங்கள் பக்கத்தில் கொள்ளி வைத்தவனுக்கு உருமா கட்டுவார்கள். தலைப்பாகைதான். அதை அவன் பெண்டாட்டியின் பிறந்த வீட்டிலிருந்து சீராகக் கொண்டுவந்து, மைத்துனன் தன் கையால் கட்ட வேண்டும். பந்தலில் சாதிசனம் அத்தனையும் பார்த்திருக்கும். தாம்பாளத்தில் வந்ததைத் தலை குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று தள்ளினால் செத்தவரைத் தள்ளியதாகும், கொண்டுவந்தவரையும் அவமானப்படுத்தியதாகும். அப்புறம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அற்றுப்போகும்.

மடுகரையிலிருந்து என் தம்பி வண்டி கட்டி வந்தான். எனக்கு ஒரே தம்பி, நான் தூக்கி வளர்த்தவன். புது வேட்டி, நெற்றி நிறைய விபூதி, தலைக்குமேல் தூக்கிப் பிடித்த தாம்பாளம். பந்தலுக்குள் வரும்போது முகத்தில் ஒரு பெருமை. இழவுக்கு வருகிறவன் முகம் இல்லை அது. தாம்பாளத்தை இறக்கினான். வெள்ளை உருமா. அதற்குப் பக்கத்தில் பளபளவென்று புதுப் பட்டு. நீலம், வெள்ளை, சிவப்பு.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். இதை யார்டா கொண்டுவரச் சொன்னது என்று கேட்டேன்.

"அத்தைதான் சொல்லி அனுப்பிச்சாங்க. பழசு தொலைஞ்சி போச்சாம். புதுச்சேரி போயி வாங்கியாந்தேன் அக்கா. நம்ம வூட்டு சீரா இருக்கட்டுமே, மாமா மேர் ஆவப்போறாரு, இல்ல?"

புதுச்சேரியில் கடையில் விற்கிறது! வேட்டி, துண்டு விற்கிற மாதிரி விற்கிறது. அது தெரியாமல் ஒன்றை எரித்துவிட்டுச் சோறு தின்றேனே, பாவி. மாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மூலையில் அன்றைக்குத்தான் தாலி வாங்கப்பட்டு வெள்ளையில் உட்கார்ந்திருந்த ஓரகத்திதான் என்னைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் புரிந்திருக்க வேண்டும்.

வேறு எந்த வீட்டிலிருந்து வந்திருந்தாலும் என் வீட்டுக்காரர் மறுத்திருப்பார். என் பிறந்த வீட்டுச் சீரை எப்படி மறுப்பார்? குனிந்தார். தம்பி உருமாவைக் கட்டினான், பட்டையைத் தோளில் போட்டான். கூட்டம் குலவையிட்டது. கருமாதிப் பந்தலில் குலவை! தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஊரில் சொல்வார்கள். எங்களுக்குத் தலைப்பாகையோடுதான் வந்தது.

அவர் நின்றார், ஜெயித்தார். அந்த வருஷக் கரும்பை ஆள் வைத்துத்தான் வெட்டினோம். வாய்க்கால் மதகைப் பார்க்கப் போனவரை அடுத்த அறுவடைக்குள் வரப்பில் மடக்கி அடித்தே கொன்றுவிட்டார்கள். அடித்தவர்கள் எல்லை தாண்டிவிட்டார்கள். நான் எதைச் சொல்லி அழுதேன் என்று நினைவில்லை.

அவருடைய கருமாதிக்கும் என் தம்பிதான் வந்தான். தாம்பாளத்தில் எனக்கு வெள்ளைக் கோடி, கொள்ளி வைத்த என் மகனுக்குத் தாய்மாமன் சீராக உருமா. என் மகன் இன்னும் இடுப்பைவிட்டு இறங்காத பிள்ளை. மாமியார் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடா, தட்டு லேசா இருக்குது? பட்டையைக் காணோமே?" என்று கேட்டேன்.

தாம்பாளத்தை இறக்கி வைத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து அக்கா அக்கா என்று அழுதான். கூட்டத்தைப் பார்த்து என் மகனும் அழுதான், மூக்கு ஒழுகியது. தாம்பாளத்திலிருந்த உருமாத் துணியை எடுத்து, எல்லோரும் பார்க்க, அவன் மூக்கைத் துடைத்துவிட்டேன்.