ஏழு பேர்ச் காணியும் வராத கடிதமும்

தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் காம்பராவின் பின்சுவரில் விரிசல் விழுந்ததை ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை என்று டயறியில் குறித்திருக்கிறேன். அன்று தீக்குச்சி நுழையும் அளவுதான். ஏப்ரல் கடைசியில் என் கையே நுழைந்தது. சுவருக்குப் பின்னால் மண்மேடு, அதற்கு மேல் தேயிலை மலை. மழை பெய்தால் செம்மண் தண்ணீர் உள்ளே வந்து அடுப்பை அணைத்துவிடும். இரண்டு பெண் பிள்ளைகளையும் முன்பக்கக் கதவோரம் படுக்க வைத்தோம். ஓடுவதற்கு வசதியாக.

நான் ஹட்டனில் ஒரு புத்தகக் கடையில் வேலை செய்கிறேன். என் மனைவி சரோஜா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். வீடு கட்ட ஏழு பேர்ச் காணி ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் கையில் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. உறுதி இல்லாதவனுக்கு எந்த வங்கி கடன் தரும்? அரசாங்கமே பிணை நிற்கும் வீட்டுக் கடன் திட்டம் வந்தபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. பெப்ரவரி 10, திங்கட்கிழமை, சரோஜாவின் பெயரில் விண்ணப்பம் கொடுத்தோம். கடிதம் வரும், வந்ததும் இருவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள்.

மே மாதத்தில் எங்கள் லயத்தில் ஐந்து வீட்டுக்குக் கடிதம் வந்தது. எங்களுக்கு வரவில்லை.

வங்கிக்குப் போய்க் கேட்டிருக்கலாம். இவ்வளவு புத்தகம் படித்தும் அந்தப் புத்தி வரவில்லை. கூப்பிடாமல் ஒப்பீசுப் படி ஏறக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். கடிதம் வராவிட்டால் இல்லை என்றுதான் அர்த்தம் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். சரோஜா பேச்சைக் குறைத்தாள். மழை தொடங்கியது. சுவர் உள்பக்கம் சாய ஆரம்பித்தது.

மே 26, திங்கட்கிழமை காலை நான் மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றவில்லை. முன்னால் நின்று திட்டினேன். "இல்லன்னா இல்லன்னு சொல்லிடு தாயே. இப்படி வாய மூடிக்கிட்டு இருக்காத. எம்புள்ளைங்கள நான் எங்க கொண்டு போறது?" சொல்லிவிட்டு அழுதேன். கல்யாணமான நாளிலிருந்து சரோஜா முன்னால் நான் அழுததில்லை.

மே 29, வியாழக்கிழமை மத்தியானம் கிராம சேவகர் வந்தார். மலை அசைகிறது, உடனே பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போங்கள் என்றார். பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் சரோஜா அம்மன் படத்தைக் கழற்றினாள். பின்னாலிருந்து ஒரு கடித உறை விழுந்தது. வங்கியின் கடிதம். உடைக்காமலேயே இருந்தது.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. எங்கள் தோட்டத்தில் கடிதங்களைக் காலையில் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில், பெயர் கூப்பிட்டுத்தான் கொடுப்பார்கள். மே 13 அன்று சரோஜா கூடையோடு வழுக்கி விழுந்து கால் சுளுக்கிக்கொண்டாள். மறுநாள் அவள் பெரட்டுக்குப் போகவில்லை. பக்கத்துக் காம்பரா லெட்சுமி அக்கா அவளுக்காகக் கடிதத்தை வாங்கியிருக்கிறார். நாங்கள் மருந்துக்குப் போயிருந்தோம். முக்கியமான கடிதத்தை எங்கள் ஆட்கள் எல்லோரும் வைக்கும் இடத்தில், சாமி படத்துக்குப் பின்னால், அவரும் பத்திரமாகச் செருகியிருக்கிறார். அன்றே மகள் பிரசவத்துக்குப் பூண்டுலோயா போய்விட்டார். அந்தப் பரபரப்பில் சொல்ல மறந்துவிட்டது.

கடைசி நாள் மே 30 என்று கடிதத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை முதல் பஸ் வரவில்லை, பாதையில் மண் சரிந்திருந்தது. சுளுக்கிய காலோடு சரோஜா என் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று மைல் நடந்தாள். பிறகு ஒரு மரக்கறி லொறிக்காரர் ஏற்றிக்கொண்டார். வங்கியில் இருந்த அதிகாரி அம்மா யாழ்ப்பாணத்தவர். ஈரத்தில் நின்ற எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"மத்தியானம் லிஸ்ட் கொழும்புக்குப் போகுது. இவ்வளவு நாளும் எங்கை இருந்தனீங்கள்?"

"சாமி படத்துக்குப் பின்னாலங்க மிஸ்," என்றாள் சரோஜா.

"நீங்களோ, கடிதமோ?"

சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினார். முதலில் சரோஜா போட்டாள், பிறகு நான். கையெழுத்து விழுந்தபோது நேரம் பதினொன்று நாற்பது.

ஜூன் 2, திங்கட்கிழமை அந்தச் சுவர் விழுந்தது. நாங்கள் படுக்கும் இடம் முழுவதும் மண். உள்ளே யாரும் இல்லை. ஜூலை 11, வெள்ளிக்கிழமை எங்கள் காணியில் அத்திவாரக் கல் வைத்தோம். வீடு இன்னும் முடியவில்லை, பள்ளிக்கூட மண்டபத்தில்தான் தங்குகிறோம். கூரைக்கு நாளாகும். ஆனால் பிள்ளைகள் இப்போது ஓடத் தயாராகப் படுப்பதில்லை.

நான் திட்டிய அன்றும் பதில் அம்மனின் முதுகுப்புறம்தான் இருந்தது. அவள் வாய் மூடியிருக்கவில்லை, நான்தான் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது லயத்தில் யாருக்குக் கடிதம் வர வேண்டியிருந்தாலும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய்விடுகிறேன். கூப்பிடட்டும் என்று காத்திருப்பதில்லை.

கஷ்டத்தில் இருக்கும் அம்மன் பிள்ளைகளே, அவளிடம் கேளுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் திட்டியாவது கேளுங்கள். தாய் அதற்கெல்லாம் கோபிக்க மாட்டாள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.