ஆனியில் போன பெட்டி

தேதி விஷயத்தில் நான் கறாரானவள். படித்து முடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் நாள் குறித்துவைப்பேன். ஒரு நாவலில் அடைமழையில் தொடங்கிய பயணம் அடுத்த அத்தியாயத்தில் கோடையில் முடிந்தால் அந்த ஆசிரியரை மன்னிக்க எனக்கு நெடுநாள் ஆகும். அப்படிப்பட்டவளுக்குக் கல்யாணத் தேதி இரண்டு, வீட்டை விட்டுக் கிளம்பிய தேதி இரண்டு. நான்கில் நானாகத் தேர்ந்தெடுத்தது முதலாவதை மட்டும்தான்.

அது தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மார்கழி. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர் விசாவில் செடிகளின் நோய்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தேன். நான் கட்டிக்கொள்ளவிருந்தவர் சிறுவயதிலேயே பெற்றோருடன் அங்கே போய்க் குடியுரிமையும் பெற்றவர். பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் இருவரும் அந்த ஊர் நீதிமன்ற அலுவலகத்துக்கு நடந்துபோய்க் கையெழுத்துப் போட்டோம். மார்கழியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அன்றே ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் சொன்னது எளிமையானது. முதலில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பியுங்கள். பிறகு பயண அனுமதி வாங்குங்கள். அதற்குப் பிறகுதான் இந்தியா. "இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்" என்றார். நாங்கள் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினோம்.

விண்ணப்பத்துக்கு என் பிறப்புச் சான்றிதழ் வேண்டியிருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து வந்த நகலில் 'பெண் குழந்தை' என்று மட்டுமே இருந்தது. என் பெயரைச் சேர்க்க யாரும் மெனக்கெட்டிருக்கவில்லை. அதைச் சேர்த்து வாங்கும் பொறுப்பைப் பெரியப்பாவிடம் விட்டேன். அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுகளை முடிவு செய்பவர் அவர்தான். செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தான் நேரில் போய் நின்றால் நகராத காகிதம் உலகத்தில் இல்லை என்று நம்புபவர். அடுத்த வாரம் தொலைபேசியில் விசாரித்தபோது அம்மாதான் எடுத்தாள்.

"பதிவாபீஸ்ல கையெழுத்துப் போட்டா அது கல்யாணமாடீ? அதுவும் மார்கழியில!"

"அமெரிக்காவில அதுதான் கல்யாணம்மா."

"அமெரிக்காவில சரி. கிழக்கேகோட்டையில, நம்ம தெருவில?"

பெரியப்பா ரிசீவரைப் பிடுங்கினார். "கேட்டியா, கும்பத்தில ஒரே ஒரு நல்ல முகூர்த்தம். மண்டபம் சொல்லியாச்சு. அதை விட்டா பின்னே இடவத்திலதான் ஆக்கும்." மலையாளக் கணக்கில் கும்பம் நம் மாசி, இடவம் வைகாசி.

"பெரியப்பா, என் விசா முடிஞ்சுபோச்சு. இங்கயே இருக்கறவரைக்கும் பரவாயில்லை, அங்க வந்தா மெட்ராஸ்ல புதுசா வாங்கினாத்தான் திரும்பிப் போகமுடியும்."

"வாங்கினாப் போச்சு. போன தடவை வாங்கலையா?"

"போன தடவை எனக்குக் கல்யாணம் ஆகலை."

"இப்பவும் ஆகலை. அதை முதல்ல மனசில வெச்சுக்கோ."

அவருடைய கவலை வேறு. ஏற்கெனவே ஒருவனுக்கு மனைவியானவளைக் கன்னிகாதானம் செய்துகொடுக்க முடியாது. வாத்தியாருக்குத் தெரிந்தால் மணையை விட்டு எழுந்து போய்விடுவார் என்று பெரியப்பா பயந்தார். ஆகவே பதிவுக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று எங்கள் அக்ரஹாரத் தெரு முழுவதும் நம்பவேண்டும் என்பது அவர் கட்டளை. விண்ணப்பம் போகட்டும், இடவத்தில் வருகிறோம் என்று எவ்வளவோ சொல்லிப்பார்த்தேன். என் மாமியாரும் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டார். என் கணவர், "ரெண்டு வாரந்தானே, போயிட்டு வந்துடலாம்" என்றார். வக்கீலிடம் சொன்னபோது அவர் மறுபடியும் வரிசையை நினைவூட்டினார். பிறகு, விசா அதிகாரி கேட்பதற்கு உண்மையை மட்டும் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

மாசியில் கல்யாணம் நடந்தது. பங்குனி என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். மாசிதான். பெரியப்பா மடியில் என்னை உட்காரவைத்துத் தாரைவார்த்தார்கள். எங்கள் எதிர்வீட்டு மாமி மாப்பிள்ளையைப் பார்க்கவந்து, "பொண்ணை முன்னாடியே தெரியுமோ?" என்றாள்.

"ஆமா மாமி, நாங்க ஒரே வீட்டுல..." என்று அவர் தொடங்கினார்.

"ஒரே ஊர்ல!" என்று பெரியப்பா மணையிலிருந்தே கத்தினார். நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குத்தான் சைகை என்று நினைத்து வாசித்துவிட்டார்.

அடுத்த வாரம் மெட்ராஸ், அமெரிக்கத் தூதரகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வயதுப் பெண் ஒருத்தி. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். ஆகிவிட்டது. கணவர் எந்த நாட்டுக்காரர்? சொன்னேன். படிப்பு முடிந்ததும் இந்தியாவுக்குத் திரும்பி வந்துவிடுவீர்களா? கணவர் இருக்கிற இடத்தில்தானே இருக்க முடியும் என்றேன். மாணவர் விசா திரும்பி வருகிறவர்களுக்கு உரியது, நீங்கள் அங்கேயே வாழப் போகிறவர், உங்கள் கணவர் அங்கிருந்து மனுப்போடட்டும், குடியேறுபவராகவே வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லிப் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தாள். வரிசையை மாற்றாதீர்கள் என்று வக்கீல் சொன்னது இதற்குப் பயந்துதான்.

கணவர் விடுமுறை முடிந்து அங்கிருந்தே விமானம் ஏறினார். நான் ரயிலில் திருவனந்தபுரம் வந்துசேர்ந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நுழைந்தபோது முதலில் பார்த்தவள் எதிர்வீட்டு மாமி. "என்னடீ, ரெண்டு வாரம்னு சொன்னே?" என்றாள்.

பெயர் சேர்த்த பிறப்புச் சான்றிதழோடு கணவர் மனுப்போட்டு, விசா வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. என் பேராசிரியர் நல்லவர். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் தொடக்கம்வரை என் இடத்தை வைத்திருப்பதாகவும், அதற்குமேல் பணம் கொடுப்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது என்றும் எழுதினார். நான் வளர்த்த செடிகளை வேறொருவர் பார்த்துக்கொண்டார். பிறகு அவை செத்தும் போயின. வாரம் ஒருமுறை பழவங்காடி பக்கம் ஒரு ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போவேன். சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே நானும் கணவரும் ஒரே சண்டையைப் போடுவோம்.

"வக்கீல் சொன்னதைக் கேட்டிருக்கலாம்" என்பேன் நான். அவர் சமாதானம் சொல்லத் தொடங்குவார்.

"ரெண்டு வாரந்தானேன்னு சொன்னது யாரு?" என்பேன்.

பூத் நடத்தியவர் மார்த்தாண்டத்துக்காரர். ஒருநாள் ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "இருந்தாலும் அந்த வக்கீலு சொன்னத கேட்டிருக்கலாம்லா அக்கா" என்றார். அதற்குப் பிறகு வேறு பூத்துக்கு மாறினேன்.

விசா மறு ஆண்டு ஆனி மாதக் கடைசியில் கிடைத்தது. இது மாணவர் விசா மாதிரி பாஸ்போர்ட்டில் ஒட்டிக் கொடுப்பதோடு முடிகிற காரியம் இல்லை. முத்திரையிட்ட பழுப்பு உறை ஒன்றும் தந்தார்கள். அதை நாம் பிரிக்கக் கூடாது. அமெரிக்காவில் இறங்கும் இடத்தில் அதிகாரி பிரிப்பார். அது இல்லாமல் போனால் உள்ளே விடமாட்டார்கள். கூடவே என் மார்பு எக்ஸ்ரே படம். விமான டிக்கெட் ஆடி இரண்டாம் வாரத்தில்தான் கிடைத்தது.

"கர்க்கடகத்தில கல்யாணம் ஆன பொண்ணு புறப்படறதா?" என்றார் பெரியப்பா. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஆடி கர்க்கடகம்தான், ஆவணி சிங்ஙம்தான். "சிங்ஙம் பொறக்கட்டும், போலாம்."

"அதுக்குள்ள என் இடம் போயிடும் பெரியப்பா."

"பின்னே பரஸ்தானம் வெச்சுடலாம்."

நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள் அந்த நாளில் தங்கள் சாமான் ஒன்றை மட்டும் வேறொரு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிரயாணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பிறகு எப்போது வேண்டுமானாலும் போய், அந்தச் சாமானை எடுத்துக்கொண்டு போகலாம். ஆனியில் ஒரு நல்ல வேளை மிச்சம் இருந்தது. நான் ஒரு குடையைக் கொடுத்தேன். பெரியப்பா அதைத் தொடவே இல்லை.

"குடை இல்லாம நீ போகமாட்டியா? எது இல்லாம போகமுடியாதோ அதைத்தான் வெக்கணும். இல்லேன்னா அது பரஸ்தானம் இல்லை, ஏமாத்து வேலை."

பழுப்பு உறையும் எக்ஸ்ரேயும் பெட்டிக்குள் போயின. பெட்டி எதிர்வீட்டு மாமியிடம் போயிற்று. எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாதம் மட்டும் ஒழுங்காக வந்தது. "மாமி எங்கயாவது போயிட்டா?"

"மாமியா? அவ நெடுமங்காடு தாண்டியே முப்பது வருஷம் ஆச்சு."

புறப்படும் நாள் காலையில் எதிர்வீட்டில் பித்தளைப் பூட்டு தொங்கியது. பம்பாயிலிருந்து மகன் வந்திருப்பதாகவும், மழை விட்டிருக்கிறது என்று விடியும்போதே மாமியைக் காரில் கல்லாற்றுக்கு அழைத்துப்போனதாகவும் பக்கத்துவீட்டில் சொன்னார்கள். நெடுமங்காடு தாண்டி, விதுரையும் தாண்டி, பொன்முடி மலையடிவாரத்தில் இருக்கிறது கல்லாறு. எனக்குச் சாயங்காலம் விமானம்.

"பூட்டை உடைச்சுடலாம்" என்றேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "பரஸ்தானம் இருக்கற ஆத்துப் பூட்டையா?" என்றார் பெரியப்பா.

ஒரு அம்பாசடர் டாக்ஸியில் அவரும் நானும் கிளம்பினோம். ரப்பர்த் தோட்டங்கள் வந்தன, போயின. ஒவ்வொரு வளைவிலும் எதிரே வந்த காருக்குள் மாமி இருக்கிறாளா என்று எட்டிப்பார்த்தேன். பெரியப்பா வழியில் இருந்த ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

கல்லாற்றில் ஆற்றோரக் கடை ஒன்றின் பெஞ்சில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தாள் மாமி. ஆறு செம்மண் நிறத்தில் நுரைத்து ஓடியது. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"மாமி, நீங்க நெடுமங்காடு தாண்டமாட்டேளே!" என்றார் பெரியப்பா.

"ஒரு வருஷமா உங்காத்துப் பொண்ணு ஊருக்குப் போறதும் போகாததுமா இருக்கறதைப் பாத்துப் பாத்து, எனக்கே எங்கயாவது போகணும்னு ஆயிடுத்து அண்ணா. இன்னிக்கா பிரயாணம்? பெட்டிதான் ஆனியிலயே போயாச்சேன்னு இருந்துட்டேன்." சாவியை என் கையில் வைத்தாள். "மார்கழியில பதிவுக் கல்யாணம் ஆனப்பவே நீ அங்கேயே இருந்திருந்தா இந்தப் பாடெல்லாம் உண்டாடீ?"

பெரியப்பா ஆற்றைப் பார்த்தார். "எந்தப் பதிவு?"

"எந்தப் பதிவா! உங்க மாப்பிள்ளை அன்னிக்குப் பந்தியிலயே எல்லாம் சொல்லியாச்சு. பாவம், கபடம் தெரியாத பிள்ளை. வாத்தியார் அடுத்த இலையிலதான் உக்காந்திருந்தார்."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"பாயசம் இன்னும் ரெண்டு கரண்டி விடச் சொன்னார்."

மகன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதை மறைப்பதற்காக நான் கும்பத்தில் வந்து மாட்டிக்கொண்டேனோ அது ஊருக்கே தெரியும், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவும் இல்லை. ஒரு வருஷம் செடிகளும் நானும் வாடியது எதற்கு?

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ" என்றாள் மாமி. "பெட்டியை எடுத்துண்டு உங்காத்துக்குள்ள நுழையப்படாது. புறப்பட்டாச்சுன்னா புறப்பட்டாச்சுதான்."

சாவியோடு நெடுமங்காடுவரை திரும்பிவந்தோம். அங்கே ஒரு லாரிக்குப் பின்னால் நின்றபோது மெதுவாக, "அப்போ வாத்தியாருக்கும் தெரியும்" என்றார்.

"தெரியும் பெரியப்பா."

"மெட்ராஸ்ல அந்தப் பொண்ணுக்கு மட்டும் நீ வேற மாதிரி சொல்லியிருக்கலாம்."

அதற்குப் பதில் சொன்னால் டாக்ஸியை விட்டு இறங்கிவிடுவேன் என்று பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தெருவுக்கு வந்தபோது நேரம் மட்டுமட்டாகத்தான் இருந்தது. மாமி வீட்டைத் திறந்து பெட்டியை எடுத்தோம். உறை முத்திரை கலையாமல் இருந்தது. எங்கள் வீட்டுக் கதவு நேர் எதிரே திறந்துகிடந்தது. தாகமாக இருந்தது. நான் அந்தப் பக்கம் ஓர் அடி வைத்ததும் பெரியப்பா குறுக்கே கையை நீட்டினார். அம்மா வீட்டுக்குள் ஓடி, கைப்பையையும் ஒரு டம்ளர் மோரையும் கொண்டுவந்து டாக்ஸி ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். நடுத்தெருவில், டாக்ஸியில் உட்கார்ந்தபடியே குடித்தேன். அவள் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கையை எடுக்காமல் நின்றாள்.

"கார்த்திகையில உன் தம்பிக்கு ஒரு இடம் பாத்துண்டிருக்கோம்" என்றார் முன்சீட்டிலிருந்து பெரியப்பா. "முகூர்த்தம் நிச்சயமானா நீ உடனே..."

"அண்ணா, சும்மா இருங்கோ" என்றாள் அம்மா. அவர் பேச்சை அவள் வெட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு என்னிடம் குனிந்து, "இனிமே எப்போடீ வருவே?" என்றாள்.

"வக்கீல் எப்போ வரலாம்னு சொல்றாரோ, அப்போ."

அம்மா தலையாட்டினாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு டிரைவரிடம், "வண்டியை எடுப்பா, நேரமாச்சு" என்றாள்.