பசை போட்டு ஒட்டிய ரயில் பெட்டி

என் மகளுக்கு ஒன்பது வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்தது. முட்டியில் ஆரம்பித்த வலி இதயத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆறு மாதம் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது, ஓட்டம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எண்பதுகளின் கடைசி. சேக்காட்டில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். ஒரு பிள்ளை எத்தனை நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்?

ஆவடி மார்க்கெட்டில் ஒரு பெட்டி பில்டிங் பிளாக் வாங்கிவந்தேன். சிவப்பும் மஞ்சளுமாகச் சின்னக் கட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். வீடு கட்டினாள், கோயில் கட்டினாள், நாலே நாளில் சலித்துவிட்டது.

"ஓடுற மாரி எதுனா பண்ணலாம்பா" என்றாள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் கம்பெனியில் ஃபிட்டர். ஓடுகிற சாமான் என்றால் எனக்குச் சொல்லியா தரவேண்டும்? கெட்டுப்போன டேப் ரெக்கார்டரிலிருந்து மோட்டாரைக் கழற்றினேன். நைலான் துண்டில் நாலு சக்கரம் கடைந்தேன். மோட்டாரையும் அச்சையும் ரப்பர் பேண்டால் இணைத்தேன், இரண்டு பென்சில் செல் போட்டேன். ஒரு பலகையில் அலுமினியப் பட்டையை வட்டமாக வளைத்துத் தண்டவாளம் அடித்தேன். பலகையைக் கட்டிலில் அவள் முன்னால் வைத்துவிடலாம். சக்கரமும் மோட்டாரும் இருக்கிற அடித்தட்டு என் வேலை. அதற்கு மேல் கட்டுவதெல்லாம் அவள்தான்.

முதல் நாள் எலெக்ட்ரிக் ட்ரெயின் கட்டினாள். அரைச்சுற்று ஓடி, வளைவில் மோட்டாரின் நடுக்கத்தில் கட்டைகள் கழன்று போர்வை மேல் சிதறின. நான் பதறிப்போனேன். அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கவுந்துச்சிப்பா! இப்ப கடைசில வர்ற கார்டு வண்டி கட்டலாம்."

மறுநாள் தண்டவாளம் சரிபார்க்கிற கேங்மேன்கள் உட்கார்ந்து போகும் டிராலி. அதற்கு மறுநாள் ஜன்னலே இல்லாத ஒரு வண்டி, உள்ளே மாடு போகிறதாம். கவிழக் கவிழ வேறொன்று. நான் ஷிப்ட் முடிந்து வரும்போதே, "இன்னிக்கு இன்னா வண்டி சொல்லு பாப்போம்" என்று கேட்பாள். கால் ஓயவேண்டும் என்றுதான் டாக்டர் சொன்னார், கைக்கு ஓய்வே இல்லை.

எனக்குத்தான் அது கவிழ்வது பொறுக்கவில்லை. நான் முடுக்கின நட்டு தளர்ந்தது என்று ஒரு பம்பும் திரும்பி வந்ததில்லை என்று மார்தட்டிக்கொள்கிற ஆள் நான். என் வீட்டிலேயே ஒரு வண்டி முழுசாக ஒரு சுற்று ஓடவில்லை என்றால் என்ன மரியாதை?

அந்தச் சமயம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. ஒவ்வொரு செக்‌ஷனும் ஓடுகிற மாதிரி எதையாவது செய்து வைக்கும், அதில் பெரிய போட்டியே நடக்கும். நம் ரயிலை வைக்கலாமா என்று மகளிடம் கேட்டேன். முகமெல்லாம் பல்லாகத் தலையாட்டினாள். அன்றைக்கு மட்டும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போக டாக்டரிடம் அனுமதியும் வாங்கினேன். அவள் இருந்த கட்டையெல்லாம் போட்டு, சிவப்பும் மஞ்சளுமாக ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயினைக் கட்டிக் கொடுத்தாள். பூஜைக்கு முதல் நாளே கம்பெனிக்குக் கொண்டுபோய்விட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஓட்டிப் பார்த்தேன். வளைவில் கவிழ்ந்தது. நாளைக்கு முதலாளி முன்னால் இப்படிக் கவிழ்ந்தால்? இரண்டு டியூபைக் கலந்து பூசும் பசை கம்பெனியில் இருந்தது. ஒவ்வொரு கட்டையாகக் கழற்றி, பசை போட்டு, வைஸில் பிடித்து இறுக்கினேன். சுத்தமான வேலை. பார்த்தால் ஒட்டியதே தெரியாது.

பூஜையன்று வண்டி சுற்றியது, சுற்றியது, நிற்கவேயில்லை. ஒரே கைதட்டல். முதலாளி குனிந்து பார்த்து, "யார் பண்ணது?" என்றார்.

"நான்தான் சார்" என்றேன்.

என் இடுப்பில் உட்கார்ந்திருந்தாள் அவள். இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் நாக்கை இழுத்துவைத்து அறுக்கலாம் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் வண்டியை மடியில் வைத்துக்கொண்டாள். மேல்தட்டைப் பிடித்து இழுத்தாள். நகத்தைக் கொடுத்து நெம்பினாள்.

"இன்னாப்பா இது, வர மாட்டேங்குது?"

"இனிமே கவுராதும்மா. அப்பா ஒட்டிட்டேன்" என்றேன், பெருமையாக.

அவள் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் மனைவிதான் சமையலறையிலிருந்து வந்தாள். "அவ வெளையாட்டுல நீ இன்னாத்துக்குய்யா கை வெச்ச? கவுந்தாதான அவ மறுபடி கட்டுவா?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. உளியை எடுத்து இடுக்கில் வைத்துத் தட்டினேன். பசை விடவில்லை, கட்டைதான் உடைந்தது. இரண்டாவதும் உடைந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"வுடுப்பா. நல்லாத்தான் ஓடுது."

மறுநாளே புதுப் பெட்டி வாங்க அதே ஆவடிக் கடைக்கு ஓடினேன். கண்ணாடி அலமாரி முழுக்கப் பட்டாசு. பொம்மையை எல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது, தீபாவளி முடிந்து வாருங்கள் என்றார் கடைக்காரர். பூந்தமல்லி வரை போய்ப் பார்த்தேன், எங்கும் கிடைக்கவில்லை. தீபாவளி முடிந்து நான் புதுப் பெட்டியோடு வந்தபோது, அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. உட்கார முடியவில்லை. பெட்டியைப் பிரித்துத் தலைமாட்டில் வைத்தேன். ஒரு கட்டையை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்து அழுத்தினாள். அழுத்த விரலில் பலம் இல்லை.

மார்கழியில் போய்விட்டாள்.

அதுவரைக்கும் சாயங்காலத்தில் அந்த ஒட்டின வண்டியைத்தான் ஓட்டிக் காட்டினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரே வண்டி, ஒரே சுற்று. அவளுக்கு அதில் பார்க்க ஒன்றுமே இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் நான் நிறுத்தும்போதெல்லாம், என் மனசு நோகக் கூடாதென்று, "சூப்பரா கீதுப்பா, இன்னொரு தபா வுடு" என்றாள்.